சிக்ஸ் பை சிக்ஸ்

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த முகாமுக்கு நான் போனது சேவை மனப்பான்மையில் இல்லை, ஓ.டி.க்காக. நான்காவது செமஸ்டரில் என் அட்டெண்டன்ஸ் 71 சதவீதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. 75 இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்.எஸ்.எஸ். சார் வந்து, "வெள்ளிக்கிழமை காது கேளாதோர் பள்ளியில மெடிக்கல் கேம்ப். வர்றவங்களுக்கு ரெண்டு நாள் ஓ.டி." என்றதும் வகுப்பில் முதலில் எழுந்த கை என்னுடையது.

கல்லூரியிலிருந்து பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். பத்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளி, ஏறக்குறைய 120 பிள்ளைகள், பெரும்பாலும் விடுதியிலேயே தங்கிப் படிப்பவர்கள். பள்ளியின் பெயரை எழுதவில்லை. நடந்த தப்பில் பெரிய பங்கு என்னுடையது, அவர்கள் பெயரை மட்டும் போடுவது நியாயமாக இருக்காது.

பிரேயர் ஹாலில் ஐந்து மேஜை. உயரம்-எடை, ரத்தம், பல், காது, கடைசியில் கண். பத்து மணிக்கு ஆரம்பித்து ஒரு மணிக்குள் முடிக்க வேண்டும், டாக்டர்களுக்கு அதற்குப் பிறகு வேறு வேலை. 120 பேர், 180 நிமிடம். ஒரு பிள்ளைக்கு ஒன்றரை நிமிடம் என்று வாசலில் நிற்கும்போதே கணக்குப் போட்டோம். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று சந்தோஷமாகத்தான் போட்டோம்.

வந்திருந்த பொது மருத்துவர் நல்ல மனுஷன். ஒவ்வொரு குழந்தையையும் பார்த்துச் சிரிப்பார், கன்னத்தைத் தட்டுவார். பிறகு டீச்சரைப் பார்த்துக் கேட்பார்.

"நல்லா சாப்பிடுறாளா?"

"சாப்பிடுவா டாக்டர்."

"வயித்து வலி, தலைவலி ஏதாவது?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர்."

குழந்தை இருவர் உதட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கேள்வி அதற்கு வரவே இல்லை. ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி டீச்சரின் கையைப் பிடித்து இழுத்துத் தன் தாடையில் வைத்தாள். "இவ எப்பவும் இப்படித்தான், விளையாட்டு" என்றார் டீச்சர். அப்போது டம்ளர் தட்டோடு அந்தப் பக்கம் வந்த விடுதி ஆயாம்மா நின்று, "பல்லு வலி சார். மூணு நாளா ராத்திரி தூங்கல அது" என்று சொல்லிவிட்டுப் போனார். பல் மேஜையில் பார்த்தால் கடைவாய்ப் பல்லில் மிளகு போகிற அளவுக்குக் குழி.

டீச்சர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்களில் பலருக்குச் சைகை மொழியை யாரும் முறையாகச் சொல்லித்தரவில்லை. பேச்சும் உதட்டசைவும்தான் வழி என்று பயிற்சி எடுத்து வந்தவர்கள். 1880-இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு ஒன்று, காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகை வேண்டாம், பேச்சு முறையே சிறந்தது என்று தீர்மானம் போட்டது. 2010-இல் வான்கூவரில் நடந்த மாநாட்டில் அதற்கு வருத்தம் தெரிவித்தார்கள். நடுவில் 130 வருஷம். ஆயாம்மா மட்டும் எந்த மாநாட்டுக்கும் போகாதவர், அதனால் பிள்ளைகளிடமிருந்தே சைகையைக் கற்றுக்கொண்டார்.

காது மேஜையைப் பற்றி எழுதாமல் போனால் ஈ.சி.இ. பசங்க சண்டைக்கு வருவார்கள். அங்கே உட்கார்ந்திருந்தவன் என் ரூம்மேட். ஹியரிங் எய்டு மாட்டியிருந்த பிள்ளைகள் பலரிடமிருந்து "கீ..." என்று விசில் சத்தம். காதுக்கு அளவெடுத்துச் செய்யும் மோல்டு, பிள்ளை வளர வளரத் தொளதொளவென்று ஆகிவிடும். இடுக்கு வழியாக வெளியே கசிகிற ஒலி மறுபடி மைக்குக்குள் போகும், பெரிதாகி வெளியே வரும், மறுபடி உள்ளே போகும். பார்க்ஹாசன் கண்டிஷன் என்று 13 மார்க்குக்கு எழுதுகிறோமே, அதேதான். லூப் கெயின் ஒன்றைத் தொட்டால் ஆசிலேட்டர். புத்தகத்தில் வராத பகுதி என்னவென்றால், அந்த விசில் மாட்டியிருக்கிற பிள்ளைக்குப் பெரும்பாலும் கேட்காது. பக்கத்தில் இருக்கும் நமக்குத்தான் கேட்கும், நமக்குத்தான் எரிச்சல் வரும். "வால்யூமைக் குறை" என்று சைகை காட்டுவோம். பிள்ளையும் குறைத்துவிடும். அப்புறம் அது காதில் மாட்டிய நகை மாதிரிதான்.

அங்கே ஒரே ஒரு டீச்சர், தினமும் காலையில் ஒரு அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலிகளைச் சொல்வாராம். கேட்டால் பிள்ளை கை தூக்க வேண்டும். பேச்சில் வரும் தாழ்ந்த ஒலியிலிருந்து உச்ச ஒலி வரைக்கும் இந்த ஆறுக்குள் அடங்கிவிடும். டேனியல் லிங் என்பவர் வகுத்த சோதனை. நேற்றுக் கேட்டது இன்று கேட்கவில்லை என்றால் பேட்டரி தீர்ந்ததா, குழாயில் வியர்வை கோத்திருக்கிறதா, காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்க்கலாம். பைசா செலவில்லாத ஹெல்த் செக்கப். அந்த டீச்சர் வகுப்புப் பிள்ளைகளிடம் விசில் சத்தம் குறைவாக இருந்ததை ரூம்மேட் கவனித்துச் சொன்னான்.

சரி, என் மேஜைக்கு வருகிறேன். எனக்குக் கொடுத்த பயிற்சி ஐந்து நிமிடம். சுவரில் 'ஈ' சார்ட், ஆறு மீட்டர் தள்ளித் தரையில் டேப். 'ஈ'யின் மூன்று கால்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறதோ, அந்தப் பக்கம் பிள்ளை விரலைக் காட்ட வேண்டும். ஒரு கண்ணை மூடி ஒரு தடவை, மறு கண்ணை மூடி ஒரு தடவை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது, யாருக்கும் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒருத்தன் செய்வதைப் பார்த்ததும் வரிசையே புரிந்துகொண்டது. பேசுகிற பள்ளியில் இதே வேலையைச் செய்திருந்தால் பாதி நேரம் விளக்கத்திலேயே போயிருக்கும்.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். நான் குச்சியை வைப்பதற்கு முன்பே அடுத்த எழுத்துக்கு விரலைக் காட்டி என்னைக் கிண்டல் செய்தான். கடைசி வரி வரைக்கும் இரண்டு கண்ணிலும் ஒரு தப்பில்லை. 6/6, 6/6 என்று எழுதினேன். குறிப்பு என்ற இடத்தில் 'நார்மல்'. கீழே என் கையெழுத்து, வழக்கம்போல் வாலை இழுத்துவிட்டு.

மதியத்துக்கு மேல் விளையாட்டு. பிள்ளைகள் எங்களுக்குப் பெயர் வைத்தார்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் எழுத்துக்கூட்டிக் கூப்பிடுவதில்லை, ஆளைப் பார்த்ததும் கண்ணில் படுவது எதுவோ அதுதான் பெயர். எனக்குக் கிடைத்தது, மூக்கில் நழுவும் கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளுவது. ரூம்மேட்டுக்குக் கிடைத்ததை இங்கே எழுதினால் அவன் பேச மாட்டான். அந்த எட்டாம் வகுப்புப் பையனின் பெயர், ஆள்காட்டி விரலால் புருவத்தில் ஒரு கீறல். நிஜமாகவே அவன் புருவத்தில் தழும்பு இருந்தது. சேட்டைக்காரன் போல என்று நினைத்துக்கொண்டேன். முழங்காலிலும் அதே மாதிரி தழும்புகள் இருந்ததைப் பார்த்தும் அதையேதான் நினைத்தேன்.

எங்களைக் கூட்டிப்போக வேண்டிய பஸ் வழியில் நின்றுவிட்டது. ஆறே முக்கால் இருக்கும், பிள்ளைகளோடு சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். கரண்ட் போனது.

நம்ம ஹாஸ்டலில் கரண்ட் போனால் "ஓ..." என்று சத்தம் கூடும் இல்லையா? அங்கே 120 பேரின் பேச்சு பாதியில் நின்றது. அவ்வளவு நேரம் காற்றில் பறந்துகொண்டிருந்த கைகள் எல்லாம் அடங்கிவிட்டன. கொஞ்ச நேரம் எனக்கு மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தது. பிறகு ஒரு டீச்சர் செல்போன் டார்ச்சைப் போட, அந்த வெளிச்சத்துக்குள் நாலைந்து கைகள் நீண்டு விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தன. மற்ற பிள்ளைகள் வெளியே மிச்சமிருந்த வெளிச்சத்தைப் பார்த்து வாசல் பக்கம் போனார்கள். பெஞ்சுகளுக்கு நடுவே சரசரவென்று போனார்கள்.

அவன் மட்டும் போகவில்லை. எழுந்தான், ஒரு காலை வைத்துப் பார்த்தான், அடுத்த அடியில் பெஞ்சில் இடித்தான். தட்டு கீழே விழுந்து உருண்டது. நாலாம் வகுப்பு இருக்கும், ஒரு சின்னப் பையன் வந்து அவன் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். இருவரும் முகத்தைக்கூடப் பார்த்துக்கொள்ளவில்லை, தினமும் செய்கிற வேலை மாதிரி.

பார்த்தேன். இருட்டில் யார்தான் இடிக்க மாட்டார்கள் என்று விட்டுவிட்டேன். பஸ் வந்தது, ஏறினோம்.

இரண்டு வாரம் கழித்து ரூம்மேட்டின் அக்கா ஹாஸ்டலுக்கு அவனைப் பார்க்க வந்தார். கண் மருத்துவத்தில் பி.ஜி. படிப்பவர். கேன்டீனில் கேம்ப் கதையெல்லாம் சொன்னோம். கரண்ட் போனதைச் சொல்லும்போது அந்தப் பையன் இடித்ததையும் சும்மா ஒரு வரியில் சொன்னேன். அக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவனை நீ என்ன டெஸ்ட் பண்ணே?"

"ஈ சார்ட்தான்க்கா. சிக்ஸ் பை சிக்ஸ். எங்க எல்லாரையும் விட நல்ல கண்ணு."

"சார்ட்டு நடுப்பார்வையை மட்டும்தான்டா சொல்லும். ஓரத்துல எவ்வளவு தெரியுது, இருட்டுல தெரியுதா, அதெல்லாம் சார்ட்டுக்குத் தெரியாது. பிறவியிலேயே காது கேக்காதா அவனுக்கு?"

அப்போதுதான் அஷர் சிண்ட்ரோம் என்ற பெயரைக் கேட்டேன். சார்லஸ் அஷர் என்ற ஸ்காட்லாந்துக் கண் மருத்துவர் 1914-இல் இது பரம்பரையாக வருகிறது என்று எழுதியதால் அந்தப் பெயர். பிறவியில் காது கேட்காத பிள்ளைகளில் ஒரு சிலருக்கு விழித்திரையும் மெல்ல மெல்லப் பழுதாகும். முதலில் இருட்டில் பார்வை போகும். பிறகு நாலா பக்கமும் ஓரங்கள் சுருங்கிக்கொண்டே வரும். நடுப்பார்வை ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கும், அதனால் சார்ட்டில் 6/6 வாங்கிக்கொண்டே ஒரு பையன் பார்வையை இழந்துகொண்டிருக்க முடியும். "காது கேக்காத பிள்ளைக்குக் கண்ணுதான் காதும்" என்றார் அக்கா. எழுந்து போகும்போது இன்னொன்றும் சொன்னார்: அந்த மாதிரிப் பள்ளியில் ஓடும்போதோ பயந்தோ மயங்கி விழுகிற பிள்ளை இருந்தால் வலிப்பு என்று விட்டுவிடாமல் ஒரு ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்ல வேண்டுமாம். காதோடு இதயத் துடிப்பையும் பாதிக்கிற பிறவிக் கோளாறு ஒன்றை 1957-லேயே நார்வேயில் இரண்டு மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் கேம்ப்பில் ஈ.சி.ஜி.யும் இல்லை, மயக்கம் வருமா என்று யாரும் கேட்கவும் இல்லை.

மறுநாள் பள்ளிக்குப் போன் செய்தேன். தலைமை ஆசிரியர் பொறுமையாகக் கேட்டார். ஃபைலைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"தம்பி, உங்க டீம் குடுத்த ரிப்போர்ட் கையில இருக்கு. ரெண்டு கண்ணும் சிக்ஸ் பை சிக்ஸ், நார்மல்னு போட்டுக் கையெழுத்தே இருக்கே?"

அந்தக் கையெழுத்து யாருடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சரிங்க சார்" என்று வைத்துவிட்டேன்.

ப்ரோக்ராமிங் லேபில் டெஸ்ட் கேஸ் எல்லாம் பச்சையில் பாஸ் ஆகும், புரோகிராம் தப்பாக இருக்கும். அப்போது நாம் சிரித்துக்கொண்டே சொல்வோமே, "டெஸ்ட் கேஸ்தான் சரியில்ல மச்சி" என்று. அது ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது. மூன்று நாள் தூக்கமில்லை என்றெல்லாம் அளக்க மாட்டேன், தூங்கினேன். ஆனால் சனிக்கிழமை காலையில் பஸ் ஏறிவிட்டேன்.

தலைமை ஆசிரியர் வரவில்லை, வெளியூர். நேராகச் சமையல்கட்டுக்குப் போனேன். ஆயாம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். புருவத்தில் ஒரு கீறல் இழுத்துக் காட்டி, "இந்தப் பையன் ராத்திரி எப்படிம்மா நடப்பான்?" என்று கேட்டேன்.

"அவனா? அவன் எங்க தம்பி ராத்திரி நடக்குறான்? பொழுது சாஞ்சா அந்தச் சின்னவன் தோளைப் புடிச்சிக்கிட்டுதான் வருவான். பாத்ரூமுக்கு எந்திரிக்க மாட்டான், பாயிலயே போயிடுவான். எட்டாவது படிக்கிற பையன் இப்படிப் பண்றானேன்னு நானே ரெண்டு தடவை அடிச்சிருக்கேன்." கீரையைக் கீழே வைத்தார். "ஏன் தம்பி, மாலைக்கண்ணா? முருங்கைக்கீரை போட்டா சரியாயிடுமா?"

எங்கள் படிவத்தில் 32 கட்டங்கள் இருந்தன. திரும்பிவந்து எண்ணிப் பார்த்தேன். ஆயாம்மாவிடம் கேட்க வேண்டியது என்று ஒரு கட்டம்கூட இல்லை.

தலைமை ஆசிரியர் அதற்குப் பிறகு தடையே சொல்லவில்லை. அவர்தான் அம்மாவுக்குத் தகவல் சொல்லி, ஆயாம்மாவையும் கூட அனுப்பினார். கண் மருத்துவமனையில் அக்காவின் சீனியர் டாக்டர் பார்த்தார். முதல் சொட்டு மருந்து விட்டபோதே தகராறு. எரியும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை, துள்ளி எழுந்து நர்ஸின் கையைத் தட்டிவிட்டான். பாப்பா விரிந்ததும் பக்கத்தில் இருப்பது மங்கிவிட்டது, வெளிச்சம் கூசியது. ஆயாம்மாவின் கையைக்கூட அவனால் சரியாகப் பார்க்க முடியவில்லை.

அடுத்தது இன்னும் சிக்கல். விழித்திரையைப் பார்க்க அறை இருட்டாக இருக்க வேண்டும். மேலே பார், கீழே பார் என்று டாக்டர் சொல்லிக்கொண்டே பார்ப்பார். விளக்கை அணைத்ததும் இந்தப் பிள்ளைக்கு எல்லாமே அணைந்துவிடுகிறது. முதல் முறை விளக்கு போனதும் அவன் நாற்காலியின் கையைப் பிடித்த பிடியை நான் பார்த்தேன். டாக்டர் உடனே விளக்கைப் போட்டுவிட்டு, "என்ன பண்ணலாம்?" என்று எங்களையே கேட்டார். ஆயாம்மாதான் வழி சொன்னார். வெளிச்சத்திலேயே அவனோடு பேசி முடிவு செய்தார்: முழங்காலில் ஒரு தட்டு என்றால் மேலே, இரண்டு தட்டு கீழே, இடது தோளைத் தொட்டால் இடது, வலது தோள் வலது, உள்ளங்கையை அழுத்தினால் முடிந்தது. இரண்டு முறை ஒத்திகை பார்த்தார்கள். பிறகு இருட்டில் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. தட்டிக்கொண்டிருந்தது நான். அட்டெண்டன்ஸுக்காக அலைந்தவன் செய்த ஒரே உருப்படியான வேலை என்று அதைத்தான் சொல்வேன்.

இன்னொரு நாள் ஃபீல்டு டெஸ்ட் எடுத்தார்கள். கிண்ணம் மாதிரி ஒரு மெஷினில் தாடையை வைத்து நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும், எந்த மூலையில் ஒளி வந்தாலும் பட்டனை அழுத்த வேண்டும். அவன் ரொம்பக் கொஞ்சம்தான் அழுத்தினான். பிரின்ட்அவுட்டில் முழுக்கக் கறுப்பு, நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெள்ளை.

அம்மா சித்தாள் வேலை பார்ப்பவர், அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். "சொந்தத்துலயாம்மா கல்யாணம்?" என்று டாக்டர் கேட்டார். "தாய்மாமன்தாங்க." அம்மா அப்பா இருவரிடமும் அந்தக் குறை வெளியே தெரியாமல் இருக்கும், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, சொந்தத்தில் கட்டும்போது இருவரிடமும் ஒரே குறை இருக்கும் சாத்தியம் அதிகம் என்று விளக்கினார். "அப்ப நாங்க பண்ண தப்பா சார்?" என்றார் அம்மா. "யாரு தப்பும் இல்லம்மா" என்று டாக்டர் சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. பார்வையைத் திருப்பித்தர இப்போதைக்கு மருந்து இல்லை என்றும் டாக்டர் சொன்னார்.

இதெல்லாம் பேசிக்கொண்டிருக்கும்போது பையன் நடுவில் உட்கார்ந்து எங்கள் உதடுகளை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிரேயர் ஹாலில் பார்த்த அதே காட்சி. அம்மாவுக்குச் சாப்பிடு, தூங்கு, வா, போ அளவுக்குத்தான் சைகை தெரியும். எனக்கு அப்போது அதுவும் தெரியாது. அவன் என் சட்டையை இழுத்தான், கண்ணாடியைத் தள்ளுகிற மாதிரி என் பெயரைச் சொன்னான், உள்ளங்கையை விரித்து ஆட்டினான். என்ன?

ஆயாம்மா அவன் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். மெதுவாக, முகத்துக்கு நேரே, கைகளை அகல விரிக்காமல். முடித்ததும் அவன் இரண்டு கைகளையும் குழாய் மாதிரிச் சுருட்டிக் கண்ணில் வைத்துக் காட்டினான். பிறகு தோளுக்குப் பின்னால் கையை வீசினான். "ரொம்ப நாளாத் தெரியுமாம் தம்பி" என்றார் ஆயாம்மா. "கூட்டாளிகளுக்கும் தெரியுமாம். யாரும் கேக்கலையாம்."

அவன் ஒரு கேள்வி கேட்டான். ஆயாம்மா என்னைப் பார்த்தார், நான் டாக்டரைப் பார்த்தேன்.

"முழுசா மூடிடுமான்னு கேக்குறான்."

டாக்டர் நாற்காலியை அவன் பக்கம் திருப்பினார். "எப்போன்னு எனக்குத் தெரியல. பல வருஷம் ஆகலாம். நடுவுல தெரியிறது ரொம்ப நாள் இருக்கும்" என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னார். ஆயாம்மா கையில் சொன்னார். அவன் தலையாட்டினான். கொஞ்ச நேரம் கழித்து, வெளியே புரோட்டா கிடைக்குமா என்று கேட்டான்.

இப்போது அவன் பாய் கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில். அங்கே ஒரு ஜீரோ வாட் பல்ப் இரவெல்லாம் எரிகிறது, கரண்ட் போனால் எரிய சார்ஜ் லைட் ஒன்று இருக்கிறது. படிக்கட்டு ஓரங்களில் மஞ்சள் டேப் ஒட்டினோம். வகுப்பில் முதல் பெஞ்சிலிருந்து மூன்றாவது பெஞ்சுக்கு மாற்றினார்கள். கண் சரியில்லாதவனைப் பின்னால் தள்ளுகிறார்களே என்று நான் சண்டைக்குப் போகப் பார்த்தேன். குழாய் வழியாகப் பார்ப்பவனுக்குத் தள்ளி இருந்தால்தான் டீச்சரின் முகமும் இரண்டு கைகளும் சேர்ந்து தெரியும் என்று அக்கா விளக்கினார். பிள்ளைகள் இதை எப்போதோ கண்டுபிடித்திருந்தார்கள். அவனோடு பேசும்போது இரண்டடி பின்னால் போய் நின்று, கைகளை மார்புக்குள் அடக்கித்தான் பேசுவார்கள்.

பள்ளிகளுக்கு வருஷத்துக்கு ஒரு முறை அரசு மருத்துவக் குழு வருகிறது. 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்த்ய காரியக்ரம், 18 வயது வரைக்கும். போன முறை அவர்கள் வந்தபோது ஆயாம்மாவை மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார் தலைமை ஆசிரியர். எங்கள் படிவத்தில் மூன்று கட்டங்கள் சேர்த்திருக்கிறோம்: இருட்டில் எப்படி நடக்கிறான்/ள், எப்போதாவது மயங்கி விழுந்திருக்கிறானா/ளா, பிள்ளையிடமே கேட்டது யார். மூன்றாவதில் பெயர் எழுத வேண்டும்.

இந்த வருஷ கேம்ப் அடுத்த மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை. ஓ.டி. உண்டு. ஒன்றரை நிமிடக் கணக்கு இந்த முறை கிடையாது, இரண்டு நாள் தங்குகிறோம். டெல்லியில் இருக்கும் இந்திய சைகை மொழி மையம் 10,000 சொற்களுக்கு அகராதி போட்டிருக்கிறது, வீடியோவாகவே பார்க்கலாம். எனக்கு இதுவரை வந்தது 40. வலிக்கிறதா, எங்கே, எத்தனை நாளாக, இந்த மூன்றையாவது கற்றுக்கொண்டு வாருங்கள். ஆளுக்கொரு டார்ச்சும்.